ஏட்டு மாசிலாமணி வீட்டு முட்டைகள் போன இடம்

தை மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமையிலிருந்து காவலர் குடியிருப்பில் ஒரு கோழிகூடத் தன் பஞ்சாரத்துக்குள் முட்டை வைக்கவில்லை. கோழிகள் என்னவோ வழக்கம்போலத்தான் இருந்தன. காலையில் கவிழ்த்த மூங்கில் கூடையான பஞ்சாரத்துக்குள் உட்கார்ந்தன, உடம்பைக் குறுக்கின, கண்ணைச் செருகின, பிறகு எழுந்து நின்று தெருவுக்கே கேட்கும்படி கொக்கரித்தன. பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் வைக்கோலில் ஒரு குழியும் குழியில் இளஞ்சூடும் மட்டும் இருந்தன.

பழைய தாலுகா ஆபீசுக்குப் பின்னால், உடைமரங்களுக்கு நடுவில், எதிரெதிராக இருபத்துநாலு வீடுகள்; இருபத்துநாலிலும் போலீஸ்காரர்கள்; ஆகவே ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் அதை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விதமாக நினைக்க அங்கே யாருக்கும் வராது. முதலில் கீரிமேல் சந்தேகப்பட்டார்கள். பிறகு பாம்பின்மேல். நாலு நாள் கழித்து, வழக்கமான முறைப்படி, ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டார்கள். பஞ்சாரங்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள், கோட்டுக்குள் யாரும் வராதபடி கயிறு கட்டினார்கள், வார ஓய்வில் இருந்தவர்கள் முறைவைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கோழி அவர்கள் கண்ணெதிரே கொக்கரித்துவிட்டு வெளியே வந்தது, முட்டை வரவில்லை. வேறொரு வேலையாக ஊருக்கு வந்திருந்த மோப்ப நாயைக் கெஞ்சிக் கூட்டிவந்து குழியை முகரவிட்டபோது, அது தன்னைத்தானே மூன்று தடவை சுற்றிவிட்டு உட்கார்ந்து வாலை ஆட்டியது. "சர்வீசுக்கு வந்ததிலேர்ந்து இது வாலாட்டி நான் பார்த்ததில்லை," என்றார் நாயைக் கூட்டிவந்தவர். அதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்தவர் ஏழாம் நம்பர் வீட்டு ஏட்டு மாசிலாமணி. அவர் ஸ்டேஷனில் ரைட்டர். இருபத்தாறு வருஷமாக ஊர்ச் சனங்களின் புகார்களை எழுதி எழுதி, ஒருவர் மூன்று மணி நேரம் அழுதுகொண்டே சொல்வதை நாலு வரிக்குள் அடக்கிவிடுகிற கை அவருக்கு வாய்த்திருந்தது. எதிரில் இருப்பவர் மூச்சு வாங்கித் தொடங்கும்போதே "விஷயத்துக்கு வாங்க" என்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர், குடியிருப்பில் எதற்காக இத்தனை கோழி என்று விளக்கம் கேட்டபோதுகூட, இருபத்துநாலு வீட்டுக்கும் சேர்த்து மாசிலாமணிதான் எழுதிக் கொடுத்தார்: முட்டைக்காகவும், குழந்தைகளின் சத்துக்காகவும். ஒரே வரி. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவருக்கு ஆறு கோழிகள். தினமும் விடிந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கி, சுண்டுவிரலால் தடவிப் பார்ப்பார்; வயிற்றில் முட்டை தட்டுப்பட்டால் அதைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பார், இல்லாவிட்டால் மேயவிடுவார். பிறகு நோட்டில் எழுதுவார். 6.10, கறுப்பி, உண்டு. 6.14, செவலை, உண்டு. 6.17, கொண்டைக்காரி, இல்லை. அதனால் முட்டை இருந்தது என்பதற்கு அந்தக் குடியிருப்பிலேயே உறுதியான சாட்சி அவர்தான். அது எங்கே போனது என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

முதல் முட்டையைக் கண்டவள் ரோஸ்லின். சிறப்பு எஸ்.ஐ. ஜெபமணியின் மனைவி. அவள் கொல்லையில் பாய் அகலத்துக்கு ஒரு கொத்தமல்லிப் பாத்தி இருந்தது. பக்கத்து வீட்டுத் தமயந்தியின் கோழிகள் ஆறு வருஷமாக அதைக் கிளறிக்கொண்டிருந்தன. ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அன்று காலை ரோஸ்லின் பாத்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தமயந்தியின் கோழி கொக்கரித்தது. இந்தப் பக்கம் கொத்தமல்லிக்கு நடுவில், சரியாக நட்ட நடுவில், ஒரு முட்டை இருந்தது. மேலேயிருந்து விழவில்லை, உருண்டு வரவில்லை, ஒரு கணம் முன்பு அது இல்லை, இப்போது இருந்தது, தொட்டால் சுட்டது.

ரோஸ்லின் முட்டையை எடுத்துக்கொண்டு வேலியருகே போய் நின்றாள்.

"பிள்ளைங்க சத்துக்குத்தானே கோழி வளர்க்கிறே?" என்றாள், ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"ஆமா. பின்னே?"

"அப்போ இது உன் பிள்ளைங்க வயித்துக்குல்ல போயிருக்கணும், ஏன் என் மல்லிக்கு வந்துச்சு?"

தமயந்தி முட்டையைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள், தன் கோழியைப் பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. அடுத்த நாளும் முட்டை கொத்தமல்லியில்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும். பதினோராம் நாள் ரோஸ்லின் ஒரு தட்டு நிறையக் கொத்தமல்லி தூவிய ஆம்லெட்டை வேலிமேல் வைத்து, "உன் வயித்தெரிச்சல் நல்லா ருசியாத்தான் இருக்கு, சாப்பிட்டுப் பாரு," என்றாள். தமயந்தி சிரித்துத் தொலைத்துவிட்டாள். சிரித்த பிறகு பேசாமல் இருப்பது கஷ்டம்.

அப்படித்தான் குடியிருப்புக்கு விஷயம் புரிந்தது. யார் எதற்காகக் கோழி வளர்க்கிறார்களோ, முட்டை அங்கே போய்ச் சேர்கிறது. எழுதிக் கொடுத்த காரணத்துக்கு இல்லை, உள்ளே இருக்கிற காரணத்துக்கு.

ஜெபமணியின் முட்டைகள் ஸ்டேஷனில் ஆணியில் மாட்டியிருந்த இன்ஸ்பெக்டரின் தொப்பிக்குள் கிடைத்தன. கறிக்காகத்தான் கோழி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஜெபமணி ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை, காலைநேரத்தில் அவர் கொல்லைப் பக்கம் காது கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும், "டி.எஸ்.பி., இங்க வாடா. இன்ஸ்பெக்டர், நீ தள்ளி நில்லு, உன் முறை வரலை," என்று அவர் தானியம் இறைப்பது. இன்ஸ்பெக்டர் நான்கு நாள் தொப்பியைத் தலையில் வைத்து நான்கு நாளும் வீட்டுக்குத் திரும்பிக் குளித்தார். ஐந்தாம் நாளிலிருந்து தொப்பியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளப் பழகினார். முட்டையைத் தன் மேசை டிராயரில் வைத்துச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போனார். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. தன் வீட்டில் அவரும் இரண்டு கோழி வளர்த்தார், அவற்றின் முட்டை எங்கே போகிறது என்று யாரும் தன்னைக் கேட்டுவிடக் கூடாது என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது.

பத்தொன்பதாம் நம்பரில் தனியாக இருந்த பெண் காவலர் நூர்ஜஹானுக்கு ஒரே கோழி. ஓட்டப் பயிற்சிக்கு உடம்பில் தெம்பு வேண்டும், அதற்குத்தான் என்பாள். அவளுடைய முட்டை அவள் வீட்டுக்குள்ளேயே, பூட்டிய கதவுக்கு உட்புறம், கதவைத் திறந்ததும் முதல் அடி வைக்கிற இடத்தில் இருந்தது. இரண்டு தடவை மிதித்த பிறகுதான் கண்டுபிடித்தாள். "கதவைத் திறந்தா உள்ள ஏதாவது ஒரு உசிரு அசையணும்க்கா, அதுக்குத்தான் வாங்கினேன்போல," என்று ரோஸ்லினிடம் அவள் சொன்னது ஒரே நாளில் இருபத்துநாலு வீட்டுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் டூட்டி முடிந்து வரும்போது வாசற்படியில் யாராவது ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டோ தலை வாரிக்கொண்டோ உட்கார்ந்திருந்தாள். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

வைகாசிக்குள் எல்லாம் வழக்கமாகிவிட்டது. முட்டை எந்த வீட்டில் கிடைக்கிறதோ அந்த வீட்டுக்கே சொந்தம். எடுத்தவர்கள் காலிக் கிண்ணத்தை அனுப்பாமல் அதில் ஏதாவது போட்டு அனுப்ப வேண்டும். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. வாழ்க்கை முழுவதும் ஏன், எதற்கு, எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டே சம்பளம் வாங்கியவர்கள், வாயை மூடிக்கொண்டு ஒருவர் வீட்டு முட்டையை இன்னொருவர் சாப்பிட்டார்கள். அந்த வருஷம் குடியிருப்பில் மாறி மாறிப் போன கிண்ணங்களில் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாமல் போய், கடைசியில் எல்லாமே எல்லோருடையதுமாக ஆயின.

மாசிலாமணி வீட்டு முட்டைகள் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

குடியிருப்பில் இல்லை, ஸ்டேஷனில் இல்லை, மகள் படிக்கிற கல்லூரி விடுதியில் இல்லை, அவர் பிறந்த ஊரில் இல்லை. முட்டை கண்ணில் படாததால் கோழிகளும் அடைக்கு உட்காரவில்லை. நாளுக்கு நாலு, சில நாள் ஐந்து என்று இட்டுக்கொண்டே இருந்தன. நோட்டில் உண்டு, உண்டு, உண்டு என்று வரிகள் நீண்டன.

அவர் மனைவி வடிவு முதல் இரண்டு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் சோற்றுத் தட்டை வைக்கிற சத்தம் மாறியது. ஒரு நாள் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லார் வீட்டு முட்டையும் ஏதோ ஒரு இடத்துல கண்ணுல படுது. நம்ம வீட்டு முட்டை எந்த ஊர்ல, எவ அடுப்புல வேகுது?"

"எனக்குத் தெரியாது வடிவு."

"இருபத்தாறு வருஷத்துல தெரியாதுன்னு சொன்ன ஒருத்தனையாவது நீங்க நம்பியிருக்கீங்களா?"

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். நேர்மையாகச் சொல்வதென்றால், இல்லை.

"ஆனி முடியறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லேன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். ஒரு வாரத்துக்கு இல்ல."

அவளை அவருக்குத் தெரியும்; சொன்னால் போவாள். அன்று முதல் மாசிலாமணி தன்னையே விசாரிக்கத் தொடங்கினார். சர்க்கரை வியாதிக்கு நாட்டுக்கோழி முட்டை நல்லது என்றுதான் பதினொரு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லி வாங்கினார். ஆனால் அப்போது அவருக்குச் சர்க்கரை இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. நோட்டின் பின்பக்கத்தில் காரணங்களை வரிசையாக எழுதினார். பதினாறு வந்தது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, பொய் என்று பட்டதை அடித்தார். பதினாறும் போயின. தான் பார்த்த பழைய ஸ்டேஷன்களுக்கெல்லாம் போன் போட்டு, அங்கே முட்டை ஏதும் அனாதையாகக் கிடக்கிறதா என்று கேட்டார். அக்கம்பக்கத்தார் அனுதாபமாகத்தான் இருந்தார்கள், ஆனால் அந்த அனுதாபம் உதவவில்லை. "ஏட்டையா, என்கிட்ட மட்டும் சொல்லுங்க," என்று ஜெபமணி காதருகே வந்தார். "பேரு என்ன?"

வடிவு பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

ஆனி இருபத்தாறாம் தேதித் தபாலில் அந்த மனு வந்தது. யாரோ பள்ளிப் பிள்ளை எழுதிக் கொடுத்த உருண்டை எழுத்து.

"அனுப்புவது, ஆவுடையம்மாள், கீழச்செம்பாறை. ஐயா, ஐந்து மாசமாக என்னுடைய காலிப் பஞ்சாரத்துக்குள் என்னுடையது அல்லாத முட்டைகள் தினமும் வந்துகொண்டிருக்கின்றன. என்னிடம் கோழி கிடையாது. முட்டை வீணாகக் கூடாது என்று அக்கம்பக்கத்து அடைக்கோழிகளை இரவல் வாங்கி அடைவைத்ததில் இப்போது பெரிதும் சிறிதுமாக அறுபத்திரண்டு உருப்படி ஆகிவிட்டது. உரியவர் வந்து அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். போன தடவை மாதிரிச் சிரிக்க வேண்டாம்."

மாசிலாமணி மனுவை மேசையில் வைத்துவிட்டு, ரப்பர் ஸ்டாம்புகள் போட்டுவைக்கிற தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில் ஒரு கறுப்பு இறகு இருந்தது. இந்த ஸ்டேஷனிலிருந்து மாற்றலாகிப் போனபோதும், நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோதும் பெட்டியோடு அது கூடவே வந்தது. ஏன் எறியவில்லை என்று அவர் யோசித்ததே இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் பன்னிரண்டு மைல் நடந்து வந்து, மருந்துப் பொட்டலம்போல மடித்த காகிதத்தைப் பிரித்து, ஆதாரம் என்று அந்த இறகை மேசைமேல் வைத்தாள். கோழியைக் காணவில்லை என்றாள். ஸ்டேஷனே சிரித்தது. "அது வெறும் கோழி இல்லீங்கய்யா, அது வந்து..." என்று தொடங்கினாள். அவர் தலை நிமிராமல் கையை உயர்த்தி, "கோழிக்கெல்லாம் கேஸ் எழுத முடியாதும்மா," என்றார். அவள் போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பக்கம் போனவர் ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனுவை மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறைக்காமல் வடிவிடம் காட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"நானும் வர்றேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில், அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, ஜன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் வடிவு.

"அவளுக்கு என்ன வயசு இருக்கும்?"

"அப்போ நாப்பது இருக்கலாம்."

"நெறமா?"

"வடிவு, நான் அவங்க முகத்தையே பார்க்கலை. அதுதான் விஷயம்."

வடிவு திரும்பி அவரைப் பார்த்தாள்.

கீழச்செம்பாறையில் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கூரைமேலும் உரல்மேலும் சுவர்மேலும் துணி காயப்போட்ட கொடிக்குக் கீழேயும் கோழிகள் நின்ற வீடு ஒன்றுதான் இருந்தது. மாசிலாமணி படலைத் தள்ளி உள்ளே கால்வைத்து, பழக்க தோஷத்தில் "பா... பா..." என்றார். அறுபத்திரண்டும் ஓடிவந்தன. கறுப்பியின் நடையோடு சில, கொண்டைக்காரியின் கோணல் கொண்டையோடு சில. அவர் செருப்பின்மேல் ஏறின, வேட்டி நுனியைக் கொத்தின. தன்னைப் பார்த்ததும் விலகிப் போகிற மனிதர்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவர், முழங்கால்வரை கோழிகளுக்குள் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

"உரியவர்தான்," என்றது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "வேற அடையாளம் வேண்டாம்."

ஆவுடையம்மாள் நெட்டையாக, வெற்றிலைச் சிவப்பு வாயோடு, கையில் தவிட்டுச் சட்டியோடு வந்தாள். அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்களா? அன்னைக்கு நீங்க சிரிக்கல. எழுதிட்டே இருந்தீங்க. ஆனா நான் சொன்னதை எழுதல." பிறகு வடிவைப் பார்த்தாள். "ஏன் மதினி, எங்க ஊர்ல ஏதும் கல்யாணமா? எனக்குச் சொல்லவே இல்லையே."

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாசத்தில் முதல் சிரிப்பு.

மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து இறகை எடுத்து அவளிடம் நீட்டினார். "இது உங்களுது. முட்டையெல்லாம் எங்க வீட்டுக் கோழிகளோடது, ஆனா குஞ்சு எல்லாம் உங்களுதுதான். நான் அதுக்கு வரலை." "அன்னைக்கு, அது வெறும் கோழி இல்லை, அது வந்து, அப்படின்னீங்க. அதுக்கு மேல நான் கேக்கலை. சொல்லுங்க."

"கதை பெருசு," என்றாள் ஆவுடையம்மாள். "முதல்ல தண்ணி குடிங்க."

உட்கார்ந்தார்கள். அவள் சொன்னாள்: ஏழு அக்கா தங்கச்சிகள் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டில் அவள் ஆறாவதாகப் பிறந்ததை, அவள் வாய் திறந்தால் மீதியைத் தானே பேசி முடித்துவிடுகிற ஒரு மனுஷனுக்கு வாக்கப்பட்டதை, ஒரு பங்குனித் திருவிழாவில் பச்சைச் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சு ஒன்றைக் களையெடுத்த கூலியில் வாங்கியதை, சாயம் போய்க் கறுப்பு வெளியே வந்ததை, அது வளர்ந்ததை. நடுவில் மூத்த அக்காவின் மாமியார் கிணற்றில் தாலியைத் தவறவிட்ட கதைக்குப் போனாள், அங்கிருந்து ஒரு மழைக்குப் போனாள், மழையிலிருந்து ஒரு மாட்டுக்கு. வெயில் படலிலிருந்து உரலுக்கு நகர்ந்தது. மாசிலாமணியின் உதடு ஒரே ஒரு தடவை "விஷயத்துக்கு" என்று பிரிந்தது, வடிவு அவரைப் பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார். கதை திரும்பி வந்தது.

"நான் பேசினா அந்தக் கோழி கழுத்தை ஒரு பக்கமாச் சாய்ச்சு, ஒத்தைக் கண்ணால என்னையே பார்த்துட்டு நிக்கும். முடிக்கிற வரைக்கும் நகராது. என் வாழ்க்கையில நான் ஆரம்பிச்ச ஒரு பேச்சை நானே முடிச்சது அதுகிட்ட மட்டும்தான். அதுதான் காணாமப் போச்சு. அதைத்தான் ஸ்டேஷன்ல சொல்ல வந்தேன்."

அவள் முடித்துவிட்டாள். முற்றத்தில் அறுபத்திரண்டு கோழிகளும் கழுத்தைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தன. மாசிலாமணியின் கழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை வடிவு மட்டும் கவனித்தாள்.

"கோழி கிடைச்சிருச்சுன்னு எழுதிக்குங்க," என்றாள் ஆவுடையம்மாள், தவிட்டுச் சட்டியை எடுத்தபடி. "ஒண்ணு தொலைச்சதுக்கு அறுபத்திரண்டாக் கிடைச்சதுன்னு எழுதுங்க."

அவர் எழுதினார். அங்கேயே உட்கார்ந்து, சாயத்திலிருந்து மாடுவரை, தாலி விழுந்த கிணறு உட்பட. நாலு வரியில் முடியவில்லை. நோட்டு முடிந்து அட்டையின் உட்புறம்வரை போனது. அவள் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு இடத்தில் திருத்தம் சொல்லி, கைநாட்டு வைத்தாள். கிளம்பும்போது ஒரு இளம் கறுப்பு வெடைக்கோழியைப் பிடித்து வடிவு கையில் கொடுத்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், அரக்குப் பட்டு மடியில் கோழி உட்கார்ந்திருக்க, வடிவு சொன்னாள்: "நமக்குக் கல்யாணமான புதுசுல ஒரு நாள் நீங்க பந்தோபஸ்துக்குப் போயிருந்தீங்கள்ல, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு இருபத்தஞ்சு வருஷமா உங்ககிட்டச் சொல்லணும்னு..." அவர் கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, நின்றது, போனது, இருவரும் இறங்கவில்லை, பஸ் கடைசியாக நிற்கிற இடம்வரை போய், அங்கிருந்து கோழியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வந்தார்கள், அப்போதும் அவள் முடித்திருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாசிலாமணி புது நோட்டு ஒன்றைப் பிரித்தார். 6.10, கறுப்பி, உண்டு. பஞ்சாரத்தில் கவிழ்த்தார். ஏழு மணிக்குக் கறுப்பி கொக்கரித்தது. தூக்கிப் பார்த்தார். குழி, இளஞ்சூடு, அவ்வளவுதான். இன்னும் என்ன பாக்கி, இன்னும் எந்த ஊர் என்று நினைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கொல்லை நடையில் வடிவு துடைத்து வைத்த டிரங்குப் பெட்டி இருந்தது.

"ஏங்க," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "கடுகு டப்பாவை நீங்க ஏதும் திறந்தீங்களா?"

"இல்லையே."

வடிவு கொல்லை வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு கையில் டப்பா. இன்னொரு கையில் முட்டை. அதன் ஓட்டில் நாலைந்து கடுகு ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். யாருடையது என்றோ ஏன் என்றோ கேட்கவில்லை. அந்தக் குடியிருப்பில் அது வழக்கமில்லை.

"இந்த டப்பாவை வாங்கின கதையை உங்ககிட்டச் சொல்லியிருக்கேனா?" என்றாள்.

முப்பது தடவை சொல்லத் தொடங்கியிருக்கிறாள். மாசிலாமணி நோட்டை மூடினார். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"சொல்லு," என்றார்.